எடைக்குறைப்பு ஆபரேஷன்: தவறுகள் பெரும்பாலும் அடுப்படியில்தான்

மன்னார்குடிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பு கனத்த ஒருவர் உள்ளே வந்தால், ஒரு பையன் ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் இன்னொன்றைச் செருகிக் கொண்டுவந்து போடுவான். ஒற்றை நாற்காலி தாங்காதாம். பாவம், அவன் மரியாதைக்குத்தான் செய்கிறான். ஆனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். எங்கள் அக்கா அந்த இரட்டை நாற்காலிக்குப் பயந்தே நான்கைந்து வருடம் எந்த விசேஷத்துக்கும் போகாமல், மொய்யை மட்டும் அத்தானிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள்.

உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் உண்டு. ராத்திரி குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோய், திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வயிறு பலகையில் இடிக்கும், கை ஊசிக்கு எட்டாது. ஆறு வருடத்துக்கு முன்பு திருச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டாள். அதிலிருந்து ஊரில் யார் இதைப் பற்றி விசாரித்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் கைகாட்டுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, கூடவே இருந்து பார்த்தவள். நாங்கள் செய்த தவறுகளும் தேடி வந்தவர்கள் செய்த தவறுகளுமாக ஒரு கணக்கு என்னிடம் இருக்கிறது. அதில் ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்தது ஒன்றுகூட இல்லை.

முதல் குழப்பம், என்ன சிகிச்சை என்பதே தெரியாமல் போய் நிற்பது. ‘கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறாங்களாமே’ என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அது லைப்போசக்‌ஷன், தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பை எடுக்கும் அழகு சிகிச்சை. இது வேறு, பெரும்பாலும் இரண்டு வகை. ஸ்லீவ் என்றால் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இணைப்பது. இரண்டையும் வயிற்றில் சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள். இடம் குறைவதால் மட்டும் ஆள் இளைப்பதில்லை. ஸ்லீவில் வெட்டி எடுக்கிற பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. சிலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்குச் செய்யலாம் என்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது, அவற்றைக் கலக்கக் கூடாது. எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் எண். அக்காவுக்கு 47 வந்தது. 2022இல் சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் புதுப்பித்த வழிகாட்டுதல், 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்கிறது. ஆசிய உடல்வாகுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்கிறது. இது மருத்துவக் கணக்கு. இன்சூரன்ஸ்காரர்களுக்கு 40 வேண்டும். அல்லது 35ம், கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்றதில் ஒன்றும், மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதற்கான அத்தாட்சியும் வேண்டும். ‘டாக்டர் சரின்னுட்டார், இன்சூரன்ஸ் கொடுத்துடும்’ என்று அட்மிட் ஆகிவிட்டு, பிறகு நகையோடு அடகுக்கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். எழுத்தில் முன்அனுமதி வாங்குங்கள்.

இன்னொரு கணக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆபரேஷன் யாரையும் ஒல்லியாக்குவதில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த எடையில் சுமார் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை குறையும். அக்கா 84 கிலோவுக்கு வந்தாள். பி.எம்.ஐ. அப்போதும் 33க்கு மேல்தான். ‘இன்னும் குண்டாத்தானே இருக்கா, இதுக்கா இத்தனை லட்சம்’ என்றார்கள். அவள் தையல் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், ராத்திரி முழுக்கத் தூங்கியதும், இன்சுலின் ஊசி நின்றதும் வாசலில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்றில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாத அதே போன்ற பருமனானவர்களைவிடச் சுமார் 3 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் பொதுமக்களின் ஆயுளை அவர்களும் எட்டவில்லை, ஐந்தரை வருடம் குறைவாகவே இருந்தது. லாபம் உண்டு, மாயம் இல்லை.

கடைசி விருந்து

நாங்கள் செய்த முட்டாள்தனம் இது. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த சாப்பாடுதான் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருந்தார். செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ‘இனிமே எங்க சாப்பிடப் போற’ என்று திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வந்தது. நாகப்பட்டினத்துச் சித்தி நண்டுக் குழம்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துவந்தாள். ஜெயிலுக்குப் போகிறவருக்கு வழியனுப்பு மாதிரி. அந்த இரண்டு வாரப் பத்தியம் எதற்கு என்று எங்களுக்கு யாரும் புரியவைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பருமனானவர்களின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வீங்கி, இரைப்பையின் மேல் கவிழ்ந்து கிடக்கும். பத்தியம் இருந்தால் அது சுருங்கி வழிவிடும். சுருங்காவிட்டால் சர்ஜனுக்குத்தான் கஷ்டம், அதாவது நமக்கு.

அதோடு, டாக்டரிடம் மறைப்பது. ஆண்கள் பீடி சிகரெட்டை மறைக்கிறார்கள். நம் பக்கத்துப் பெரியம்மாக்களைப் பொறுத்தவரை கொழுந்து வெற்றிலையோடு போடும் புகையிலை ஒரு பழக்கமே இல்லை, கேட்டால் ‘எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை’ என்பார்கள். புகைத்தால் தையல் ஆறுவது தாமதமாகும், பைபாஸ் இணைப்பில் புண் வரும். புகையிலை எந்த வடிவில் என்றாலும் சொல்லிவிடுங்கள், நாட்டு மருந்து சாப்பிட்டாலும்தான்.

‘ஒரே ஒரு வாய்’

வீட்டுக்கு வந்தபின் முதல் நாட்களில் அக்காவின் பாத்திரம் எது தெரியுமா? இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் அந்த அளவுமூடி. அதில் பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், இளநீர். ஒரு மூடியைப் பத்து நிமிடம் வைத்து உறிஞ்சுவாள். இரண்டு வாரம் திரவம், பிறகு கூழ் மாதிரி மசித்தது, பிறகு மென்மையானது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆனது.

ஐந்தாவது வாரம், முதல் முறையாக அரை இட்லி. சாம்பாரில் ஊறவைத்து, விரலால் பிசைந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். முக்கால்வாசியில் கையை எடுத்துவிட்டாள். அவள் மாமியாருக்கு மனது கேட்கவில்லை. ‘ஒரே ஒரு வாய்மா, அத எதுக்கு மிச்சம் வைக்கிற’ என்று தானே எடுத்து ஊட்டினார். அடுத்த நிமிடம் அக்காவின் முகம் வெளுத்தது. நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டாள், வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறியது, கொல்லைப்பக்கம் ஓடினாள். வெளியே வந்தது அந்த ஒரு வாய்தான். மாமியார் அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டிருந்தார். ஊட்டுவதை அன்பு என்றே பழகியவருக்கு அதை விடச் சொல்வது லேசான காரியமில்லை. டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது நோயாளியை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவரையும் கூட்டிப் போங்கள்.

நம் டெல்டாவில் ‘சாப்பிட்டியா’ என்றால் ‘சோறு சாப்பிட்டியா’ என்று அர்த்தம். இரண்டு முட்டை தின்றவரைச் சாப்பிடாதவர் கணக்கில்தான் வைப்போம். இங்கேதான் சிக்கல். சின்ன வயிற்றில் சோறு போனால் மற்றதற்கு இடமில்லை, சிலருக்குக் கட்டியாக அடைத்துக்கொள்ளவும் செய்யும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, கெட்டித் தயிர், அவித்த கொண்டைக்கடலை. அப்புறம் காய். மிச்சம் இடமிருந்தால் சோறு. மீனில் விரால் நல்லது, முள் குறைவு. கெண்டையை ஆய்ந்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

தண்ணீரும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு சொம்பு குடிக்கிற பழக்கத்தை விட வேண்டும். சாப்பிட்டு அரைமணி கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக. பைபாஸ் செய்தவர்கள் பாயசம், சர்பத் என்று இனிப்பைக் குடித்தால் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிற்றால் போகும். ஸ்லீவ்காரர்களில் பலருக்கு அந்தத் தண்டனை இருக்காது, ஆபத்து அதில்தான். பாயசமும் சர்க்கரை போட்ட டிகிரி காபியும் சின்னக் குழாயில் சுலபமாக இறங்கிவிடும். அக்கா மூன்றாம் வருடம் 6 கிலோ ஏறியது சோற்றால் இல்லை. மெஷின் ஓரத்தில் டப்பாவில் இருந்த முறுக்கும், நாளைக்கு நாலு காபியும்தான் காரணம்.

வாந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஆபரேஷன்னா வாந்தி வரத்தான் செய்யும்’ என்று நாட்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து வாந்தி இருந்தால் தயமின் என்ற வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோய், கண் இரண்டாகத் தெரிந்து, நடை தள்ளாடி, மூளையே பாதிக்கப்படலாம். ஆடி வெள்ளி விரதமோ ரமலான் நோன்போ, சர்ஜனைக் கேட்காமல் தொடங்காதீர்கள். முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலியோ, தோள்பட்டை வலியோ, மூச்சுத்திணறலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கிற வேலை வேண்டாம். அந்த ராத்திரியே வண்டி பிடியுங்கள். தையல் போட்ட இடத்தில் கசிவோ ரத்தக்கட்டியோ இருக்கலாம். நம் ஊரிலிருந்து திருச்சிக்கு இரண்டரை மணி நேரம். எனவே பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, தஞ்சாவூர் மெடிக்கலா வேறா, யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருங்கள்.

மாத்திரை

இரண்டாம் வருடம் அக்கா வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தினாள். ‘நல்லாத்தானே இருக்கேன்.’ பி12 உடம்பில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும், அதனால் குறைவது உடனே தெரியாது. பாதம் மரத்து, மாடிப்படியில் மூச்சு வாங்க ஆரம்பித்தபின் ரத்தம் பார்த்தால் பி12உம் இரும்புச்சத்தும் தரையில் கிடந்தன. ஊசி போட்டுத் தேற்ற வேண்டியிருந்தது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க, கூடவே வருடாவருடம் பரிசோதனையும். இதன் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். சலுகை விலைக்கு ஆபரேஷன் செய்துவிட்டு அதற்குப்பின் போன் எடுக்காத இடங்களும் உண்டு.

மாத்திரையை நிறுத்துவது ஒரு தவறு என்றால், பழைய அளவிலேயே தொடர்வது இன்னொன்று. சாப்பாடு கால்வாசி ஆனபிறகு அதே அளவு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் மயக்கம் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளை, முக்கியமாக பைபாஸ் செய்தவர்கள், தொடவே கூடாது, குடலில் புண் வரும். மதுவும் அவர்களுக்குச் சட்டென்று ஏறும், பழைய அளவு என்று நினைத்தால் ஆபத்து.

கல்யாணமாகி வருடக்கணக்கில் குழந்தையில்லாமல் இருந்தவர்களுக்கு எடை குறையத் தொடங்கியதும் கரு நிற்பது உண்டு. ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும், தாய்க்கே சத்து போதாத காலம் அது. கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் டாக்டரைக் கேளுங்கள்.

நான்காம் மாதம் அக்காவுக்கு முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. புரதத்தைச் சரிசெய்தபின் திரும்ப வளர்ந்தது. அதற்குள் தெருவில் புற்றுநோய் வரை பேசிவிட்டார்கள். காரணம் நாங்கள்தான். ஆபரேஷன் என்று வெளியே சொல்லவில்லை, ‘தினமும் நடக்கிறாள்’ என்று சொல்லிவைத்திருந்தோம். அதை நம்பி மேலத்தெருப் பெண் ஒருத்தி, அவளும் நூறு கிலோவுக்கு மேல், பட்டினி கிடந்து காலையும் மாலையும் நடந்து, பம்ப்செட் அருகே மயங்கி விழுந்தாள். அக்கா அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், சேலையை விலக்கித் தழும்புகளைக் காட்டினாள். இப்போது வருகிறவர்கள் எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025இல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. நல்ல மருந்துகள்தான், ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. எது உங்களுக்கு என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். ஒற்றை நாற்காலி. பந்தியில் அக்கா பருப்பில் ஆரம்பித்து, கூட்டுக்கு வந்து, ஒரு கரண்டி சோற்றைத் தொடும்போது எதிர்வரிசையே எழுந்து கைகழுவப் போய்விட்டது. அடுத்த பந்திக்காரர்கள் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பரிமாறுகிற பையன் இலையை எடுக்கக் கை நீட்டினான்.

‘இரு தம்பி,’ என்றாள், ‘எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.’