ட்ரிம் ரவுட்டருக்கு அடித்தகடு செய்தல்: வாரண்டி கெடாமல் ஒரு செய்முறை

மரப்பலகையின் விளிம்பைச் செதுக்கும் சிறு மின்கருவியான ட்ரிம் ரவுட்டரோடு வரும் அடித்தகடு சிறியதாக இருப்பதால், பலகையின் விளிம்பில் ஓட்டும்போது கருவி சாய்கிறது. பெரிய தகடு ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் கருவியின் உடலில் புதிய துளை எதுவும் போடாமல், ஏற்கெனவே உள்ள திருகுத் துளைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய தகட்டைக் கழற்றி, 6 மி.மீ. பாலிகார்பனேட் தகட்டின் மேல் இருபக்க டேப்பால் ஒட்டித் திருகுத் துளைகளைக் குறித்துத் துளையிடுங்கள். அக்ரிலிக் மலிவானது என்றாலும் அடிபட்டால் சில்லு சில்லாக உடையும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

திருகின் நீளத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தகடு தடித்ததால் நீளமான திருகை மாட்டினால், அது துளையின் அடியில் முட்டி அலுமினிய வார்ப்பைப் பிளக்கக்கூடும். பழைய திருகே முன்பிருந்த அளவு மரையில் இறங்கும்படி, தலைக்கான குழியை ஆழமாக்குங்கள். தலை தகட்டின் மட்டத்துக்கு மேலே நின்றால் மரத்தைக் கீறும்.

மையத்தை அளந்து குறிக்க முயன்றால் பெரும்பாலும் பிசகும். புதிய தகட்டை மாட்டிவிட்டு, கூர்நுனி வி-பிட்டை (V வடிவ வெட்டலகை) காலெட்டில் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வியில்) பொருத்தி, மின்சாரம் இல்லாமல் மெல்ல இறக்கிக் கையால் சுழற்றுங்கள். நுனி தொடும் புள்ளியே மையம். 6 மி.மீ. தண்டுள்ள பிட்டை 6.35 மி.மீ. காலெட்டில் மாட்டினால் இந்தக் குறி நம்பத்தக்கதாக இராது, பிடிப்பும் ஆபத்தானது. பிறகு தகட்டைக் கழற்றி, அந்தப் புள்ளியில் பிட் தாராளமாகச் சுழலும் அளவுக்குத் துளையிடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளைத் தகடோ தூசிக் குழாயோ மறைக்கவே கூடாது. மோட்டார் சூடேறிக் கருகினால், குற்றம் நம் இணைப்பின் மீதே விழும்.

வாரண்டியைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டப்படி, தன் பெயரிட்ட துணைக்கருவியை விலைகொடுத்து வாங்கினால்தான் வாரண்டி செல்லும் என்று நிறுவனம் பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. ஆயினும் பழுது வேற்று இணைப்பால் நேர்ந்தது என்றால் அந்தப் பழுதுக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம். அச்சட்டம் அங்கே மட்டுமே செல்லும் என்பதால், இந்தியாவில் வாங்கியவர்கள் வாரண்டி அட்டையில் மாற்றங்கள் பற்றிய வரியைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும். பழைய தகட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பின்சேர்க்கை: முப்பரிமாண அச்சில் தகடு செய்யலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பி.எல்.ஏ. என்ற அச்சுப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் என்பதால் அடித்தகட்டுக்கு அதைத் தவிருங்கள். தூசிக் குழாய் இணைப்புக்குப் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் போதும்.