நிழல்தான் நீண்டது: சுவரோவியச் சிதைவைப் படமெடுத்துக் கண்காணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு கோயில் மண்டபத்தில், நாயக்கர் காலச் சுவரோவியங்களின் சிதைவைப் பதிவுசெய்ய வந்திருந்த மூன்று இளைஞர்களின் வேலையை அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய கேமரா என்னுடையதைவிட உயர்ந்தது. தவறுகள் மட்டும் நான் தொடக்க காலத்தில் செய்த அதே தவறுகள். குவியம் பிசகுவதையும் பேட்டரி தீர்ந்துபோவதையும் அன்று மாலைக்குள் அவர்களே கண்டுகொள்வார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆண்டுகள் கழித்து, இரண்டாவது படத்தை முதற்படத்தின் அருகில் வைக்கும்போது மட்டுமே வெளிப்படுகிற தவறுகளைப் பற்றியது இக்கட்டுரை.

சாய்வொளியின் கோணத்தைக் குறிக்காமல் விடுதல்

விளக்கைச் சுவருக்கு ஏறக்குறைய இணையாகப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சினால், நேர் வெளிச்சத்தில் புலப்படாத மேடுபள்ளங்களும், சுதையை (சுண்ணாம்புப் பூச்சை) விட்டுச் செதிலாக எழும்பும் வண்ணப்படலமும், உப்பு பூத்துப் பொரிந்த இடங்களும் தத்தம் நிழலால் தெரியவரும். ஆனால் அந்தப் படத்தில் நாம் அளப்பது செதிலை அன்று, செதிலின் நிழலை. 1 மி.மீ. எழும்பிய செதிலின் நிழல், ஒளி சுவரோடு 15 பாகைக் கோணத்தில் விழும்போது ஏறத்தாழ 3.7 மி.மீ. நீளம் இருக்கும், அதே செதிலுக்கு 10 பாகையில் அது 5.7 மி.மீ. ஆகிவிடும். ஒன்றரை மீட்டர் தொலைவில் நிற்கும் விளக்கு, ஒரு சாணுக்கும் குறைவாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்தாலே இந்த வேறுபாடு வந்துவிடும்.

என் முதற்படத்தின்போது உதவியாளர் ஒருவர் விளக்கைக் கையில் பிடித்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எடுத்தபோது விளக்குக்குத் தாங்கி இருந்தது. இரண்டு படங்களையும் ஒப்பிட்டு, வண்ணப்படலம் எழும்புவது வேகமாகப் பரவுகிறது என்று சிறிதும் ஐயமின்றி அறிக்கை எழுதினேன். அதை நம்பிச் சாரம் கட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்பில் ஊசி வழியாக அக்ரிலிக் பசை செலுத்தப்பட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு சொற்பொழிவுக்காக அதே படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஓவியத்தின் ஓரத்தில் யாரோ என்றோ தோரணம் கட்ட அடித்த இரும்பாணி கண்ணில் பட்டது. அதன் நிழலும் ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. ஆணி இரண்டு ஆண்டுகளில் வளர்ந்திருக்க வழியில்லை. சுதைக்குள் இறங்கிய பசையை முழுமையாக வெளியே எடுக்க முடியாது. அந்தப் பகுதிக்குத் தேவையே இல்லாத ஒன்றை நான் உள்ளே அனுப்பிவைத்தேன். இரண்டு படங்களிலும் அந்த ஆணி என் கண்முன்னே இருந்தது என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இதற்குத் தீர்வு இரும்புக்கடையில் கிடைக்கும். 10 மி.மீ. உயரமுள்ள சிறு முளை ஒன்றை அட்டையில் செங்குத்தாகப் பொருத்தி, ஓவியத்தைத் தொடாமல், சுவரின் தளத்திலேயே படத்துக்குள் வருமாறு பிடித்துக்கொள்ளுங்கள். நிழல் 57 மி.மீ. என்றால் கோணம் 10 பாகை, 37 மி.மீ. என்றால் 15 பாகை. அடுத்த முறை வரும்போது நிழல் அதே நீளத்துக்கு வரும்வரை விளக்கை நகர்த்தினால் போதும். விளக்கு மிக அருகில் இருந்தால் படத்தின் இரு ஓரங்களிலும் கோணம் வேறுபடும் என்பதால், இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முளை வைப்பது நல்லது. கேமராவை அசைக்காமல் விளக்கைப் பல திசைகளுக்கு நகர்த்திப் படமெடுக்கும் முறை 2001இலேயே அறிமுகமாகிவிட்டது. அதில் படத்துக்குள் வைக்கும் பளபளப்பான கருங்கோளம், ஒளி வந்த திசையைத் தானே காட்டிக்கொடுக்கும். கோளம் வாங்குகிறவர்கள் பலர். அதன் மீதான ஒளிப்புள்ளி படத்தில் விழுந்ததா என்று பார்க்கிறவர்கள் சிலரே.

தானியங்கி வெள்ளைச் சமநிலை

கேமரா தானாகவே நிறங்களைத் திருத்திக்கொள்ளும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஐப்பசிப் படத்தைச் சித்திரைப் படத்தோடு ஒப்பிடுதல்

ஈரம் ஏறிய சுதை கருத்துக் காணப்படும். வண்ணங்களும் அடர்ந்து தெரியும். மழை ஓய்ந்து சுவர் உலரும்போது உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து வெண்படலமாகப் பூக்கும். பருவம் மாறியதை ஓவியம் மங்கியதாக எழுதிவிடாதிருக்க, ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில் செல்லுங்கள். போக முடியாவிட்டால் சுவரருகே காற்றின் ஈரப்பதத்தையாவது அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் போதவில்லை என்று அகலக்கோண லென்ஸ் போடுதல்

தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931இல் கண்டறியப்பட்ட அந்த உட்சுற்றறையைப் பார்த்தவர்களுக்கு, பின்னால் நகர இடமில்லாத நிலை புரியும். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடுவதால் விரிசலின் நீளத்தை அதில் நம்பி அளக்க முடியாது. சிறு சிறு பகுதிகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து இணையுங்கள்.

வெயிலில் மங்கிய வண்ண அட்டை

நிறங்களை ஒப்பிடப் படத்துக்குள் வைக்கும் அட்டை இது. ஓவியம் வெளிறுவதற்கு முன்பே அட்டை வெளிறிவிடும். இருட்டில் வைத்திருங்கள்.

புற ஊதாவில் ஒளிர்வதையெல்லாம் சிதைவு என்று குறித்தல்

பழைய பூச்சுகளும் ஒளிரும். 1920களில் அஜந்தாவுக்கு வந்த இத்தாலிய வல்லுநர்கள் ஓவியங்களின் மீது ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சைப் பூசினார்கள். பின்னாளில் அது மஞ்சளித்துவிட்டது. ஷெல்லாக் புற ஊதாவில் ஆரஞ்சு நிறமாக ஒளிரும் தன்மை உடையது. அதைப் பூசணம் என்று எழுதினால் மருந்து மாறிவிடும். ஓவியத்தின் மீதே இல்லாத பொருளும் ஏமாற்றும். ஒருமுறை சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் மெல்லிய நீலம் படர்ந்திருக்கக் கண்டு, அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டேன். உண்மையில், வேலையைப் பார்க்கும் ஆவலில் எங்கள் பின்னால் வந்து நின்ற கோயில் ஊழியரின் சலவை வேட்டியே நீலமாக ஒளிர்ந்து சுவரில் பட்டிருக்கிறது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருளின் வேலை அது. இப்போதெல்லாம் புற ஊதா விளக்கைப் போடுவதற்கு முன் வெள்ளை உடுத்திய எல்லோரையும், அர்ச்சகர் உட்பட, வெளியே நிற்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.