ஒரு நாளைக்கு 27 கிலோமீட்டர்: ஜான் மியூர் பாதையில் விடியல் முதல் இரவு வரை

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசமிட்டி பள்ளத்தாக்கின் ஹாப்பி ஐல்ஸில் தொடங்கி விட்னி சிகரத்தின் உச்சியில் முடிகிறது ஜான் மியூர் பாதை. சுமார் 340 கிலோமீட்டர். உச்சியைத் தொட்ட பிறகு வண்டிச் சாலைக்கு வந்து சேர இன்னும் 17 கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டரை வாரம், மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் 13 நாளில் நடந்தேன்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "பை எத்தனை கிலோ?" என்றுதான். பையின் எடை முக்கியம்தான், மறுக்கவில்லை. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் ஏழு கிலோவுக்குள் என் பை அடங்கியது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மொத்தம் 358 கிலோமீட்டர், 13 நாள் என்றால் நாளுக்கு 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்றம் இறக்கம் எல்லாம் சேர்த்து, பையோடு மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தால் ஒன்பது மணி நேரம் போதும். ஜூலை மாதம் அங்கே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். மீதி ஐந்து மணி நேரம் எங்கே போகிறது? சட்டையைக் கழற்ற ஒரு நிறுத்தம், பையில் எதையோ தேட ஒரு நிறுத்தம், படம் எடுக்க ஒரு நிறுத்தம். கால்மணி கால்மணியாகப் பொழுது கரைகிறது. அதை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் இந்த விளக்கம் முழுவதும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை இரவு தங்கி நடந்ததே இல்லை என்றால், இதில் நேராக இறங்க வேண்டாம். முழுச் சுமையோடு இரண்டு, மூன்று நாள் நடைகள் சில போய்விட்டு வாருங்கள்.

புறப்படும் முன்

பெர்மிட் இல்லாமல் நடக்க முடியாது. யோசமிட்டியில் தொடங்குவதற்குக் குலுக்கல் முறை, போட்டி கடுமை. ஒரு தேதியில் மட்டும் பிடிவாதமாக இருக்காமல் பல நாட்களுக்கு விண்ணப்பியுங்கள். ஜூலை நடுவில் இருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். அதற்கு முன் போனால் கணவாய்களில் பனி, ஓடைகளில் வெள்ளம்.

சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் மியூர் ட்ரெயில் ரேஞ்ச் என்ற பண்ணை இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் உணவை அடைத்து சில வாரங்களுக்கு முன்பே தபாலில் அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு வைத்திருப்பார்கள். வாளி எதற்கு என்றால், எலி. முதல் ஆறு நாளுக்கு முதுகில், அடுத்த ஏழு நாளுக்கு வாளியில். மற்றவர்கள் மிச்சம் விட்டுப் போன உணவும் அங்கே வாளி வாளியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் நாள் காலையில் எனக்கு அங்கே ஒரு பாதாம் பொட்டலம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியை வீட்டில் உட்கார்ந்து விளக்க முடியாது.

படி 1: ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்கு நடை

இந்த அரை மணி நேரத்தை ஒழுங்குபடுத்தினால் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். நான் செய்தது: படுத்தபடியே காற்று மெத்தையின் அடைப்பானைத் திறந்துவிடுவேன். மெத்தை இறங்கி முதுகு தரையைத் தொட்டால் யாருக்கும் மறுபடி தூக்கம் வராது. தூங்குபையை அதன் உறைக்குள் திணித்து, உடை மாற்றி, கூடாரத்துக்குள் உட்கார்ந்தே பையின் அடிப்பகுதியைக் கட்டிவிட வேண்டும். அப்புறம்தான் வெளியே. கரடி டப்பாவை (கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா) எடுத்து வந்து அன்றைய பகல் தீனியைப் பிரித்துக்கொண்டு, கடைசியில் கூடாரத்தை மடக்குங்கள்.

அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் காபித் தூளைக் குளிர்ந்த நீரிலேயே கலக்கிக் குடிக்கப் பழகலாம். காலை உணவை ஒரு மணி நேரம் நடந்த பிறகு, வெயில் படும் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சியராவில் கோடையிலும் விடியலில் உறைபனி விழும். குளிரில் விறைத்த கையோடு அடுப்பைச் சுற்றி உட்காருவதில் முக்கால் மணி போய்விடும்.

தண்ணீர் வடிகட்டியை இரவு தூங்குபைக்குள் வைத்திருந்தீர்களா? அதற்குள் இருக்கும் நுண்குழாய்கள் ஈரத்தோடு உறைந்தால் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும்.

காலைக்கடனுக்குப் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். பயன்படுத்திய காகிதத்தைப் புதைக்காமல், ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்து வர வேண்டும்.

படி 2: கணவாயை உச்சிப்பொழுதுக்குள் தாண்டுங்கள்

தெற்குப் பாதியில் மியூர், மேதர், பிஞ்சோட், கிளென், ஃபாரெஸ்டர் என்று கணவாய்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் 3,600 மீட்டருக்கு மேல். ஃபாரெஸ்டர் மட்டும் 4,000 மீட்டரைத் தொடுகிறது. ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒன்று. அதனால் உங்கள் நாளின் அமைப்பைத் தீர்மானிப்பது கணவாய்தான். முந்தைய மாலை எங்கே படுப்பது என்பதைக்கூட "காலை பத்து, பதினொன்றுக்குள் மேலே இருப்பேனா?" என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் இடி. வெயில் ஏறியதும் பாறைகள் சூடாகி, சூடான காற்று மேலெழுந்து மதியத்துக்கு மேல் மேகம் திரளும். எல்லா நாளும் வராது. வரும் நாளில், மரங்களே வளராத அந்த உயரத்தில் ஒதுங்க இடமில்லை. பத்தாம் நாள் காலை நான் லேக் மார்ஜரி கரையில் சோம்பலாகக் கிடந்துவிட்டேன். கரடி டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் அடுக்கி, துணி துவைத்து, பதினொன்றரைக்குக் கிளம்பினேன். பிஞ்சோட் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போது முதல் இடி. ஆலங்கட்டி கையில் அறைந்தது. உலோக ஊன்றுகோல்களை எறிந்துவிட்டு, பையைத் தள்ளி வைத்து, பள்ளமான ஓர் இடத்தில் குந்தியபடி நாற்பது நிமிடம் இருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மனமில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் தாமதமாகப் புறப்படவில்லை.

மியூர் கணவாயின் உச்சியில் ஒரு கல் குடில் இருக்கிறது. 1930-ல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கட்டியது. புயலில் மாட்டிக்கொள்பவர்களுக்கான இடம் அது. தங்கும் விடுதி இல்லை.

மேதருக்கு ஏறும் வழியில் தங்கப் படிக்கட்டு என்று பெயர் பெற்ற செங்குத்தான பகுதி வரும். பாதை அமைக்கும் வேலை 1915-ல் தொடங்கி, கடைசியாக 1938-ல் முடிந்த பகுதி இதுதான். அடியில் உள்ள மான் புல்வெளியில் இரவு தங்கி விடியலில் ஏறினால் நிழலிலேயே முடித்துவிடலாம். அந்தக் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கியவர்களை நினைத்தபடிதான் நான் ஏறினேன்.

படி 3: பசிக்கும் முன் சாப்பிடுங்கள்

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, நடந்துகொண்டே. தீனி இடுப்புப் பட்டைப் பையில் இருக்க வேண்டும். முதுகுப்பையில் இருந்தால் சாப்பிட மாட்டீர்கள். பசி வந்த பிறகு ஏற்றத்தில் கால் ஓடாது, மனசும் சோர்ந்துவிடும்.

நாளுக்கு 3,500 கலோரிக்குக் குறையாமல் பாருங்கள். கரடி டப்பாவின் கொள்ளளவுதான் இங்கே எல்லை. பெரிய டப்பாவிலேயே ஏழு நாள் உணவை அழுத்தி அடைக்க வேண்டும். அதனால் கொழுப்பு அதிகமுள்ளவை தேவை: முந்திரி, பாதாம், வேர்க்கடலை வெண்ணெய், சின்ன பாட்டிலில் ஆலிவ் எண்ணெய். கடலை மிட்டாய் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். மெல்லிய அவலும் நல்லது. நடந்துகொண்டே குளிர்ந்த நீரில் ஊற வைத்துப் பருப்புப்பொடியும் எண்ணெயும் கலந்தால் மதியச் சாப்பாடு தயார். பொட்டலங்களின் காற்றைப் பிதுக்கிவிட்டு அடுக்குங்கள். சிப்ஸ் வேண்டாம், நொறுக்கினாலும் இடத்தை அடைக்கும்.

படி 4: தண்ணீர்

ஒரு லிட்டர் போதும். சியராவில் கோடையில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. ஓடைக்கரையிலேயே அரை லிட்டர் குடித்துவிட்டு அரை லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். தேவையில்லாமல் சுமக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ.

படி 5: மதியம் ஒரு நீண்ட ஓய்வு, கால்களுக்காக

நாள் முழுக்க ஒரே ஒரு நீண்ட நிறுத்தம், ஒரு மணி நேரம். கணவாய் இறங்கி, ஓடையும் நிழலும் சேர்ந்த இடமாகப் பாருங்கள்.

உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றுங்கள். சாக்ஸைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் கால்களை ஓடையில் வையுங்கள். பனி உருகி வரும் நீர், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாகத் தாங்காது, விட்டு விட்டு வைக்கலாம். வீக்கம் வடிவதை உணர்வீர்கள். பிறகு நன்றாகத் துடைத்து, விரல் இடுக்குகளைக் காற்றாட விடுங்கள். காலையில் போட்ட சாக்ஸைச் சோப்பு இல்லாமல் அலசி, பையின் வெளியே தொங்க விட்டு, உலர்ந்த ஜோடியைப் போடுங்கள். ஈர சாக்ஸ் மாலைக்குள் காய்ந்துவிடும்.

கொப்புளம் பற்றி: எங்கேயாவது சுருக்கென்று சூடாக உணர்ந்தால் அடுத்த ஓய்வு வரை பொறுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். அந்த இடத்தைத் துடைத்து ஒட்டுநாடாவை நேராகத் தோலில் ஒட்டி, அதன் மூலைகளை வட்டமாகக் கத்தரித்துவிடுங்கள். கூரான மூலை சாக்ஸில் மாட்டி உரியும். இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விட்டால் இரண்டு நாள் போகும். ஷூ, வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். ஒரு வாரத்தில் பாதம் வீங்கி அகலமாகும்.

படி 6: ஓடை கடப்பது

பனி உருக்கத்தால் மாலையில் நீர் கூடும், காலையில் குறையும். எவல்யூஷன் ஓடை போன்ற இடங்களை, நீர் அதிகமாக இருந்தால், நீரோட்டம் அகலமாகி மெதுவாகும் புல்வெளியில் கடக்க வேண்டும். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடியும். ஷூவோடு இறங்குங்கள், வெறுங்காலில் வேண்டாம். உட்ஸ் ஓடையின் தொங்குபாலத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம்.

படி 7: இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடியுங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட வழக்கம் இது. மாலை ஐந்து மணிக்கு ஓர் ஓடைக்கரையில் அடுப்பைப் பற்ற வைத்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி விடுவேன். கழுவிய நீரை ஓடையில் கொட்டாமல் தள்ளி வீச வேண்டும். பிறகு ஒன்றரை மணி நேரம் நடை. வயிறு நிறைந்து, வெயில் தாழ்ந்து, பாறைகள் ஆரஞ்சு நிறமாகும் நேரம். நாளின் மிக இனிய ஐந்து கிலோமீட்டர் அதுதான். சமையல் வாசனை பின்னால் தங்கிவிடுவதால் படுக்கும் இடத்துக்குக் கரடி வருவதும் குறைவு. போய்ச் சேர்ந்ததும் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டியதுதான்.

கூடாரத்துக்கு ஏரிக்கரையும் புல்வெளியும் வேண்டாம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். காலையில் கூடாரம் உள்ளும் புறமும் நனைந்திருக்கும். கொஞ்சம் மேடான இடத்தில், மரங்களுக்கு அடியில், ஏற்கெனவே பயன்படுத்திய வெறும் மண்ணில் போடுங்கள். தண்ணீரிலிருந்து 30 மீட்டராவது தள்ளி.

உணவு, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், வாசனை உள்ள எல்லாம் கரடி டப்பாவுக்குள். டப்பாவைப் பூட்டிக் கூடாரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி, உருண்டு ஓடையில் விழாத இடத்தில் வையுங்கள். அங்கே இருப்பவை கரும் கரடிகள். மனிதர் உணவின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் சுட்டுவிட நேர்கிறது. டப்பா உங்களைக் காப்பதைவிட அதைத்தான் அதிகம் காக்கிறது.

பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, தூங்குவதற்கென்று மட்டும் வைத்திருக்கும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு எட்டரைக்குள் படுத்துவிடுங்கள்.

வேகத்தை விட வேண்டிய நேரங்கள்

தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அது உயர நோய். ஏறுவதை நிறுத்திக் கீழே இறங்குங்கள். திட்டம் எக்கேடு கெட்டாலும் சரி. அங்கே செல்போன் சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி அவசியம். தெற்குப் பகுதியில் வெளியேற வேண்டுமானால் கிளென் கணவாய்க்குத் தெற்கே கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் வேலி சாலைக்குப் போகலாம்.

இன்னொரு இடத்திலும் நான் நிற்கச் சொல்வேன். ரே ஏரிகள். மிச்சம் பிடித்த நேரத்தில் ஓர் அரை நாளை அங்கே செலவழியுங்கள். நான் ஒரு மணி நேரம்தான் இருந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசி நாள்

3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிட்டார் ஏரியில் படுத்து, அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குத் தலைவிளக்கோடு ஏறுங்கள். விட்னி பகுதியில் மலம் புதைக்க அனுமதியில்லை. அதற்கான பையில் சேகரித்துக் கீழே கொண்டுவர வேண்டும். உச்சிக்கு 3 கிலோமீட்டர் முன்பு பாதை பிரியும் ஓர் இடம் வரும். முதுகுப்பையை அங்கேயே வைத்துவிட்டு, இருக்கிற கம்பளி உடை அத்தனையும் போட்டுக்கொண்டு, தண்ணீரும் கொஞ்சம் தீனியும் மட்டும் எடுத்துப் போகலாம். பையின் ஜிப்புகளைத் திறந்து வையுங்கள். உணவு மூடிய டப்பாவில் இருக்கட்டும். மார்மட் என்ற மலை அணில் வகை அங்கே அதிகம். ஜிப் மூடியிருந்தால் துணியைக் கடித்து ஓட்டை போட்டு உள்ளே நுழைந்து பார்க்கும்.

4,421 மீட்டர். சூரியன் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அப்பால் எழும். கை விறைக்கும் வரை உட்கார்ந்திருங்கள், இன்று அவசரமில்லை. வண்டிச் சாலை இருக்கும் விட்னி போர்ட்டலுக்கு இறங்க ஆறேழு மணி நேரம் ஆகும், அதற்கு ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் தொடாமல் வைத்திருங்கள்.