மலையகத்திலிருந்து பதுவை நகருக்குத் தனி ஜெட் விமானம் அமர்த்துவது எப்படி?

இலங்கையின் வாஹக்கோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் செல்லும் மலையகக் குடும்பங்கள் பலவற்றில், கோடி அற்புதரான அந்தப் புனிதர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் இத்தாலியின் பதுவை நகரை ஒருமுறையாவது தரிசிக்க வேண்டும் என்ற ஆவல் இருக்கிறது. வளைகுடா நாடொன்றில் மணிக்கணக்கில் காத்திருந்து விமானம் மாறுவதை முதியோரால் தாங்க முடியாத நிலையில், வசதியுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தனி ஜெட் விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். செலவு மிகப் பெரியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வழிப் பயணத்துக்கே ஒரு இலட்சம் அமெரிக்க டொலரை எளிதில் தாண்டிவிடும். அதனால்தான் விமானத்தின் அழகைவிட, அதை இயக்குவது யார், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன என்ற இரண்டையுமே கூர்ந்து பார்க்க வேண்டும்.

பதுவைக்கு அருகிலுள்ள பெரிய விமான நிலையம், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் வெனிஸ் மார்க்கோ போலோ ஆகும். கொழும்பிலிருந்து வெனிஸ் வரை நேர்கோட்டில் சுமார் 7,700 கிலோமீற்றர். சேலஞ்சர் 350 போன்ற நடுத்தர ஜெட் ஏறக்குறைய 5,900 கிலோமீற்றர் மட்டுமே பறக்கும் என்பதால் வழியில் எரிபொருளுக்கு இறங்கியே ஆக வேண்டும்; கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550, குளோபல் 6000 போன்ற பெரிய ஜெட்டுகள் நிற்காமல் சுமார் பத்து மணி நேரத்தில் போய்ச் சேரும். முதியோரை அழைத்துச் செல்வதே நோக்கமானால், ஏறக்குறைய பன்னிரண்டு பேர் அமரக்கூடிய பெரிய ஜெட்டையே நான் பரிந்துரைப்பேன். இடையில் ஒருமுறை இறங்கி ஏறுவதால் மிச்சமாகும் பணம், அவர்களுடைய உடல்நலத்தைப் பணயம் வைக்கும் அளவுக்குப் பெரியதன்று.

நீங்கள் முதலில் சந்திக்கும் நபர் பெரும்பாலும் தரகராகவே இருப்பார். அவரிடம் விமானம் இருக்காது. விமானத்தை இயக்கும் நிறுவனம் வேறு. ஆகவே இயக்கும் நிறுவனத்தின் பெயர், விமானத்தின் பதிவு எண், வாடகைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அந்நிறுவனத்துக்கு உரிமை தரும் வான் இயக்குநர் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை முற்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நிறுவனம் கட்டணம் பெற்று அங்கே பயணிகளைக் கொண்டுசெல்ல வேண்டுமானால், ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை வழங்கும் அனுமதியும் தேவை. அனுமதி பெற்றவர்களின் பட்டியலை அம்முகமையே தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. சான்றிதழ் இல்லாத செல்வந்தர் ஒருவரின் சொந்த விமானத்தைக் குறைந்த விலைக்குப் பேசித் தருவதாகச் சொல்வோரும் உண்டு. அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும்.

விலைக்கூற்றை இரண்டு மூன்று இடங்களில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்ட தூர ஜெட்டுகள் பெரும்பாலும் துபாய், மும்பை போன்ற இடங்களிலிருந்து வெறுமையாகப் பறந்து வந்துதான் உங்களை ஏற்றும். அந்த வெற்றுப் பறப்பின் செலவும் உங்கள் தலையில்தான் விழும். வான்வழி அனுமதிகள், தரையிறங்கும் கட்டணம், தரிப்பிடக் கட்டணம், விமானிகளின் தங்குமிடம், உணவு, எரிபொருள் விலை ஏற்றம் ஆகியவை கூற்றில் அடங்கியுள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இத்தாலி வாடகை ஜெட் பயணிகளிடம் தனி வரி ஒன்றை அறவிடுகிறது. 1,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கு அது ஒருவருக்கு 200 யூரோ. ஒரு வாரம் தங்குவதானால் விமானத்தை அங்கேயே நிறுத்திவைப்பதா, திருப்பி அனுப்பி வேறொன்றை வரவழைப்பதா என்பதற்கு இரு விலைகளையும் கேட்பது நல்லது. இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், விமானம் பழுதானால் மாற்று விமானத்தின் செலவு யாருடையது என்ற இரு பிரிவுகளையும் வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

தனி விமானத்தில் போனாலும், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராவது விண்ணப்பித்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும், கைரேகை பதிய நேரில் கொழும்புக்குச் செல்வதும் தேவை என்பதால், முதியோருக்கு அந்த ஒரு நாளையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

மலையகத்தில் ஜெட் இறங்கும் ஓடுபாதை கிடையாது. கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 1,800 மீற்றர்தான். எரிபொருள் நிரம்பிய பெரிய ஜெட்டுக்கு அது போதாது. ஆகவே 3,350 மீற்றர் ஓடுபாதையுள்ள கட்டுநாயக்க விமான நிலையமே வழக்கமான தெரிவு. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால் மத்தள விமான நிலையம் அருகில் இருக்கிறது; அங்கிருந்து புறப்பட எரிபொருளும் குடிவரவு அலுவலர்களும் கிடைப்பார்களா என்று இயக்கும் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். நுவரெலியா, ஹட்டன் பகுதியினர் முதல் நாளே கீழே இறங்கிவிடுவதுதான் சரி. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பாதையில் மண்சரிவு ஏற்பட்டால் ஐந்து மணி நேரப் பயணம் எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. விமானம் உங்களுக்காகக் காத்திருந்தாலும், விமானிகளின் பணிநேர வரம்பு சட்டப்படி காத்திருக்காது. மலையிலிருந்து இறங்க ஹெலிகொப்டர் பேசினால் பிற்பகல் பனிமூட்டத்துக்கு முன், காலையிலேயே புறப்படுங்கள்.

வெனிஸில் தனி விமானப் பயணிகளுக்கெனத் தனி முனையம் உண்டு. சக்கர நாற்காலி வேண்டுமென முன்பே எழுதுங்கள். பதுவையில், ஓவியர் ஜியோத்தோ 1305ஆம் ஆண்டளவில் சுவரோவியம் தீட்டி முடித்த ஸ்க்ரோவேஞ்னி சிற்றாலயத்துக்கு முன்பதிவின்றி நுழைய முடியாது. உள்ளே இருக்கத் தரும் நேரமும் சில நிமிடங்களே. ஜூன் 13 திருவிழாவுக்குப் போவதானால், அந்தோனியார் பேராலயத்தைச் சுற்றியுள்ள விடுதிகளை விமான ஒப்பந்தத்துக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.