அறுவடைப் பணம் அடுத்த அறுவடை வரை: கைச்செலவைக் கட்டுப்படுத்திக் கடனைத் தவிர்ப்பது எப்படி

கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறிய அன்றே உட்கார்ந்து பிரித்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலும் கஷ்டம். கணக்கில் லட்சம் கிடக்கும்போது இருநூறு, முந்நூறு போவது உறைக்காது.

ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பக்கம் சம்பா ஒரு போகம் மட்டும் போடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுக் கடன், ஆள்கூலி, அறுவடை மிஷின் வாடகை எல்லாம் போக மாசி பிறக்கும்போது 1,20,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் அடுத்த சாகுபடிக்கான உழவு, விதை, நடவு, முதல் உரத்துக்கு 40,000. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மொய் மூன்றுக்கும் 15,000. மீதி 65,000. இதுதான் அன்றாடச் செலவுக்கான பணம்.

இதை 52 வாரத்துக்கு வகுங்கள். வாரத்துக்கு 1,250 வரும். பலரும் தவறுவது இங்கேதான். மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்து 48ஆல் வகுத்தால் 1,354 வரும். அப்படிச் செலவழித்தால் கடைசி நாலு வாரத்துக்கு ஒன்றும் இருக்காது. மாசியில் தொடங்கிய கணக்கு என்பதால் அந்த நாலு வாரம் பொங்கலை ஒட்டி வந்து நிற்கும். கதிர் வயலில், கை காலி, கேட்கிற வட்டிக்கு வாங்க வேண்டியதுதான்.

மொய்யைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்துப் பத்திரிகைகள் குவியும். அங்கே வைக்கும் மொய் முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வது, ஆசைச் செலவு ஆகாது. மொய் நோட்டைப் புரட்டி, இந்த ஆண்டு யார் யாருக்குத் திருப்ப வேண்டும் என்று இப்போதே கூட்டிவிடுங்கள். தொகை 15,000க்குள் அடங்காவிட்டால் வாரப் பணத்தை 1,250லிருந்து குறையுங்கள், சாகுபடிப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. நெல் பணம் விழும் கணக்கை ஜிபே, போன்பே எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத இன்னொரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதை மட்டும் போனில் இணையுங்கள். வாரத்தில் ஒரு நாள், திங்கள் என்று வைத்துக்கொள்ளலாம், 1,250ஐ அதற்கு மாற்றுங்கள். யுபிஐ லைட் வைத்திருந்தால் தானாகப் பணம் ஏறும் வசதியை அணைத்துவிடுங்கள். பின் நம்பர் கேட்காமலே போகும் பணம் அது, தீர்ந்ததும் தானே நிரம்பிக்கொண்டால் வாரக் கணக்குக்குப் பொருளில்லை.

அப்புறம் 14 நாளைக்கு மட்டும் எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்குள் ஒரு தடவையாவது கும்பகோணமோ மன்னார்குடியோ போய்வரும் நாள் இருக்கட்டும். செலவை எழுதும்போது பக்கத்தில் ஒரு குறி மட்டும் போடுங்கள்: வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே வாங்க நினைத்ததா, அங்கே போய்ப் பார்த்ததும் வாங்கியதா? இரண்டாவது வகையை மட்டும் கூட்டுங்கள். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், உத்தேசமாக ஒரு தொகையை எழுதிவிட்டுப் போங்கள்.

சிக்கனம் என்றதும் எல்லோரும் டீக்கடையைத்தான் காட்டுவார்கள். நடவுக்கு ஆள் பேசுவதும் டிராக்டர் பிடிப்பதும் அங்கேதான் நடக்கிறது, டீ இருக்கட்டும். கூடவே வரும் பஜ்ஜியை வேண்டுமானால் பாருங்கள்.

உண்மையான ஓட்டை மளிகைக்கடைப் பற்று நோட்டில். பிள்ளையைப் புளி வாங்க அனுப்பினால் புளியோடு சிப்ஸும் ஷாம்பு பாக்கெட்டும் வரும், எல்லாம் பற்றில் ஏறும். கையிலிருந்து காசு போகாததால் மாதக் கடைசி வரை தெரியாது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "அண்ணே, சீட்டுல எழுதி அனுப்புறத மட்டும் பற்றுல எழுதுங்க. தின்பண்டம் கேட்டா காசு வாங்கிட்டுக் குடுங்க." பெரும்பாலும் சம்மதிப்பார். நின்றுபோகும் பாக்கியைவிட ரொக்கம் அவருக்கும் நல்லது.

ஆடித் தள்ளுபடிக்குத் தஞ்சாவூர் போவதென்றால், தீபாவளிக்கு யாருக்கு என்ன என்று எழுதிய சீட்டோடு, சீட்டுக்கு ஆகும் ரொக்கத்தோடு மட்டும் போங்கள். வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னால், ரொக்க விலை என்ன என்று முதலில் கேளுங்கள். ரொக்கத்துக்குக் குறைத்தால் அந்த வித்தியாசம்தான் வட்டி. செயல்முறைக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் வாங்குவதற்கு, பார்த்த பொருளை மூன்று நாள் கூடையிலேயே விட்டுவைப்பது போதும். பொருள் வந்ததும் பணம் என்பது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்; பார்சல் வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவதுதான் நடக்கிறது.

இவ்வளவுக்கும் மேல் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். தினம் வந்து வசூலிக்கும் தண்டல் கடன் இன்னும் மோசம். பத்தாயிரத்துக்கு ஆயிரத்தை முன்னாடியே பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். தினம் நூறாக 100 நாள் கட்ட வேண்டும். கேட்க ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், சராசரியாக அந்தப் பணத்தில் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம்.

அதற்குப் பதில் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்குங்கள். ரசீதில் உள்ள கெடு தேதியைக் காலண்டரில் அன்றே வட்டம் போட்டு, ஒரு மாதம் முன்னால் இன்னொரு வட்டமும் போடுங்கள். கெடு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் சம்பா பணம் வந்திருக்காது. முடிந்தால் மாசி, பங்குனியில் கெடு விழும்படி அடகு வையுங்கள்.