ஹிஜாப் போடத் தொடங்கியிருக்கிறீர்களா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பார்லருக்குப் புதுமுகங்கள் நிறைய வரும். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பெண்களுக்கு மட்டும் ஒரு பார்லர், பக்கத்து அறையிலேயே அபாயா (உடைக்கு மேல் போடும் நீள அங்கி) தையல், இதுதான் என் தொழில். பள்ளிக்கூடம் வரைக்கும் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் ஷாலுக்கு உள்ளே போடும் கேப், ஷால், பின், அபாயா என்று முழுசாக மாறுவார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் சில மாதம் கழித்து அதே பிள்ளைகள் வந்து, "ஹிஜாப் போட ஆரம்பிச்சதுல இருந்து முடி கொட்டுது ராத்தா" என்று நிற்கும்போது மனசு கேட்பதில்லை. அவர்கள் செய்வதில் பாதி, அந்த வயதில் நானும் செய்ததுதான். சொல்லித்தர அப்போது ஆள் இல்லை.

ஷாலும் அபாயாவும் கலர் பொருந்துகிறதா, முகத்துக்கு எந்த ஸ்டைல் எடுப்பாக இருக்கும் என்பதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்றால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். கண்ணாடியில் தெரியாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இழுத்துக் கட்டும் கொண்டை

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

போன வருடம் ஒரு பிள்ளையை அவளுடைய உம்மா கூட்டிவந்தார். பி.எஸ்சி. இரண்டாம் வருடம். ஷாலைக் கழற்றினாள், கேப்பைக் கழற்றினாள். நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு, எலாஸ்டிக் அழுத்திய தடம். உச்சந்தலையில் ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி ஒரு கொண்டை, பின்பக்கம் உயரமாகத் தெரியவேண்டும் என்று அதன்மேல் பெரிய வால்யூமைசர் ஸ்க்ரஞ்சி. நான் ரப்பர் பேண்டை உருவும்போது "ஸ்ஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். முடியை விட்டபிறகும் வேர் வலிக்கிறது என்று விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நெற்றிப்பொட்டிலும் அடர்த்தியாக இருக்கவேண்டிய இடத்தில் பூனைமுடி அளவுக்குப் பொடி முடி மட்டும். முன்வரிசை வேர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள்.

இதற்கு அந்தக் குடும்பம் என்னென்ன செய்திருக்கிறது தெரியுமா? முதலில் வெங்காய எண்ணெய். அப்புறம் ஆன்லைனில் வாங்கிய சீரம். அப்புறம் வெளியூரில் ஒரு கிளினிக்கில் பிஆர்பி ஊசி, பேக்கேஜாக. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் செலவு. அந்த ஊசி நல்லதா கெட்டதா என்று நான் பேச வரவில்லை. அவ்வளவு காசு வாங்கிய இடத்தில் ஒருத்தர்கூட "எப்படிக் கட்டுவே, கட்டிக் காட்டு" என்று கேட்கவில்லை. ஊசி போட்டு முடித்த கையோடு அந்தப் பிள்ளை அதே கொண்டையை, அதே இடத்தில், அதே இறுக்கத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். உம்மாவோ, "ஹிஜாப் போட்டா காத்துப்படாம முடி கொட்டத்தான் செய்யும்னு சொல்றாங்களே" என்கிறார்.

அது தவறு. முடி வேர் காற்றைச் சுவாசிப்பதில்லை, அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் ரத்தத்தில் வருகிறது. துணி மூடியிருப்பதால் மட்டும் முடி போகாது. போவது இழுவையால். ஒரே இடத்தில் நாள் முழுக்க இழுபட்டுக்கொண்டே இருந்தால் வேர்க்கால் புண்ணாகும், முடி மெலியும், பிறகு உதிரும். தோல் டாக்டர்கள் இதை டிராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள். தலைப்பாகைக்குள் முடியை இறுக்கி முடிகிற சீக்கிய ஆண்களுக்கும், தலையோடு ஒட்டிய சின்னச் சின்னப் பின்னலாக இறுக்கிப் பின்னுகிற ஆப்பிரிக்கப் பெண்களுக்கும், எந்நேரமும் இறுக்கமான கொண்டை போடுகிற பாலே நடனக்காரர்களுக்கும் இதேதான் வருகிறது. அவர்களுக்கு வருவது ஹிஜாபால் இல்லை.

சீக்கிரம் கண்டுபிடித்து இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும் என்பதால் பொறுமை வேண்டும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வேர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும், அதன்பிறகு எந்த எண்ணெயும் அங்கே முடியை முளைக்க வைக்காது. நாற்பது வயதில் நெற்றி பாதி உச்சி வரைக்கும் ஏறிப்போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது, இருபது வயதில் யாராவது அந்த ரப்பர் பேண்டைப் பிடுங்கிப் போட்டிருந்தால் என்ன என்று தோன்றும்.

சரி, ஏன் இவ்வளவு இறுக்குகிறார்கள்? ஷால் வழுக்குவதால். சாட்டின், சிஃபான், பளபளக்கிற ஜார்ஜெட் எல்லாம் தலையில் நிற்காது. நிற்கவில்லை என்று கேப்பை இறுக்கமான சைஸில் வாங்குவார்கள், கேப் நகராமல் இருக்க முடியை இழுத்துக் கட்டுவார்கள். ஆக, முடியின் பிரச்சினை துணிக்கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. தினமும் போடுவதற்குக் காட்டன், விஸ்கோஸ், மோடல் ஜெர்சி மாதிரி துணிகளை எடுங்கள். இவற்றுக்குப் பிடிமானம் உண்டு, நம் ஊர் வியர்வைக்கும் தாங்கும். சிஃபான்தான் வேண்டும் என்றால் உள்ளே வழுக்காத காட்டன் கேப்பைப் போட்டு, ஷாலைக் கேப்போடு சேர்த்துப் பின் குத்துங்கள். கேப்புக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு விரல் சிரமமில்லாமல் நுழையவேண்டும். முன்பக்கம் எலாஸ்டிக் வைத்த கேப்பைவிட, பின்னால் நாடா கட்டுகிற கேப் நல்லது; இறுக்கம் உங்கள் கையில் இருக்கும்.

முடியைத் தளர்வாக ஒற்றைப் பின்னலாகப் பின்னி, பிடரியில் மடித்து, துணி ஸ்க்ரஞ்சியை அதிகம் முறுக்காமல் போட்டால் போதும். நாளைக்கு அதையே கொஞ்சம் இடது பக்கம், மறுநாள் கொஞ்சம் கீழே. வகிடும் அப்படித்தான், ஒரே கோட்டில் வருடக்கணக்கில் எடுக்காதீர்கள். உயரக் கொண்டை போடுகிறவர்களைப் பெரியவர்கள், பெண்கள் தலையை ஒட்டகத் திமில்போல உயர்த்திக்கொள்வதைக் கண்டிக்கும் ஹதீஸை (நபிமொழியை) சொல்லிக் கண்டிப்பார்கள். நான் முடியின் பக்கம் நின்றும் அதையேதான் சொல்வேன்: மொத்த முடியின் பாரத்தையும் உச்சியில் தூக்கி வைத்தால் முன்வரிசைதான் இழுபடும்.

இறுக்கமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவிழ்த்ததும் "அப்பாடா" என்று இருந்தால் அது இறுக்கம்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் நெற்றியோரம் மட்டும் இல்லாமல் தலை முழுக்கக் கொத்துக்கொத்தாக வந்தால் கொண்டையைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் பலருக்கு இப்படி உதிர்ந்து, பிறகு தானாகவே நிற்கும். அப்படியும் இல்லையென்றால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஈரத் தலையில் கேப்

காலை ஏழரை பஸ்ஸுக்கு ஆறரை மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, சொட்டுகிற முடியை அப்படியே சுருட்டிக் கேப்புக்குள் போட்டால் மத்தியானம் வரைக்கும் காயாது. கடற்காற்றின் புழுக்கம் வேறு. ஈர முடி சுலபமாக இழுபட்டு அறுந்துவிடும்; உள்ளே சூடும் ஈரமுமாக இருந்தால் பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்தப் புளித்த வாடையும் அதில் வருவதுதான், அதன்மேல் அத்தர் பூசிப் பயனில்லை. ராத்திரியே குளித்துக் காயவைத்துவிட்டுத் தூங்குங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாளுக்குக் காலையில்தான் குளிக்கவேண்டும் என்றால் விடிகாலை சுபுஹு தொழுததும் குளித்துவிடுங்கள், விரித்துப்போட்டு ஃபேன் காற்றில் ஆறவிட நேரம் கிடைக்கும்.

ஹாஸ்டல் பிள்ளைகளிடம் இன்னொன்று பார்க்கிறேன். மதியம் லுஹர் தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்போது) தலைக்கு மஸஹ் செய்கிறேன் என்று முன்முடியெல்லாம் நனைய நனைய அள்ளி ஊற்றிவிட்டு, உடனே கேப்பை மாட்டிக்கொள்கிறார்கள். மஸஹ் என்பது நனைந்த கையால் தடவுவதுதான். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) தலையின் சிறு பகுதியைத் தடவினாலே கடமை நிறைவேறும், ஹனஃபியில் கால் பங்கு. முழுத் தலையையும் தடவுவது சுன்னத், அதாவது நபிவழி. அதற்கும் கைஈரம் போதும்.

பொடுகுத் தலையில் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், குளிப்பதற்கு முன் முடித்தண்டில் தடவினால் அது உடையாமல் காக்கும். ஆனால் பொடுகு இருக்கிற மண்டையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, அதன்மேல் கேப்பைப் போட்டு நாள் முழுக்க வைத்திருப்பது நேர்மாறான வேலை. அந்தப் பூஞ்சையே எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. பொடுகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 2% கீட்டோகொனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, போட்டதும் அலசாமல் 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசவேண்டும். ஒரு மாதத்தில் அடங்கவில்லை என்றால் தோல் டாக்டர்.

கேப்பைத் துவைக்காமல் போடுவது

தினமும் ஒன்று. வேறு பேச்சில்லை.

கறுப்பு மெஹந்தி

பெருநாளுக்கு முந்தின நாள் வாங்கித் தலையில் அப்பாதீர்கள். இயற்கை மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. கறுக்கிறது என்றால் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது, ஒவ்வாமை வந்தால் முகமே வீங்கிவிடும்.

வாயில் பின்

ஷால் சுற்றும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும், பின்னை உதட்டில் கடித்துக்கொள்வோம். யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லுவோம், சிரிப்போம். அந்த ஒரு நொடியில் உள்மூச்சோடு பின் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துருக்கி, எகிப்து மருத்துவர்கள் இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்கள். மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப் குழாயை உள்ளே விட்டுத்தான் எடுக்கவேண்டும், சிலருக்கு அறுவை சிகிச்சை வரைக்கும் போயிருக்கிறது.

உருண்டைத் தலை வைத்த மெல்லிய பின்தான் இதில் மோசம். எங்கள் கடையில் கண்ணாடி பக்கத்திலேயே ஒரு பின் குஷன் வைத்திருக்கிறோம், அப்படியும் கை பழக்கத்தில் வாய்க்குத்தான் போகிறது. வீட்டில் ஒரு பழைய ஸ்பாஞ்சைக் கண்ணாடிக்கு அருகே ஒட்டிவிடுங்கள். தங்கச்சி, மகள் யார் வாயில் பின்னைப் பார்த்தாலும் சத்தம் போடாதீர்கள், பதறி மூச்சை இழுத்துவிடுவாள். கிட்டே போய் மெதுவாகக் கையில் வாங்குங்கள். விழுங்கிவிட்டாலோ, திடீரென்று இருமல் வந்து பின்னைக் காணவில்லை என்றாலோ வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.

தரையைக் கூட்டும் அபாயா

ஆன்லைனில் 54, 56 என்று சைஸ் போட்டிருப்பார்கள். அது அங்குலத்தில், தோளிலிருந்து கீழ்விளிம்பு வரைக்குமான நீளம். நீங்கள் தினமும் போடுகிற செருப்பை மாட்டிக்கொண்டு, தோளிலிருந்து கணுக்கால் எலும்புக்குக் கீழ் வரைக்கும் அளந்து அதற்குத் தகுந்ததை வாங்குங்கள். ஹீல்ஸ் போட்டு அளந்துவிட்டு ரப்பர் செருப்போடு நடந்தால் ஒரு மழைக்கே கீழ்விளிம்பு நைந்துவிடும், மாடிப்படியில் தடுக்கவும் செய்யும்.

பைக் பின்னால் உட்கார்கிறவர்களுக்கு இது வெறும் நைந்த விளிம்பு சமாசாரம் இல்லை. ஷால் முனையோ அபாயா விளிம்போ சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கழுத்தையோ காலையோ சேர்த்து இழுத்துவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்கவேண்டும் என்று இருக்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். அழகாக இல்லை என்று புது வண்டியில் அதைக் கழற்றிவிடுகிறார்கள். உங்கள் காக்காவோ (அண்ணன்) மாப்பிள்ளையோ கழற்றியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள், மாட்டும்வரைக்கும் அந்த வண்டியில் ஏறாதீர்கள். ஏறும்போது அபாயாவின் கீழ்ப்பகுதியைச் சுருட்டி மடியில் பிடித்துக்கொண்டு, ஷாலின் இரண்டு முனையையும் அபாயாவுக்குள் செருகிவிட்டு, அப்புறம் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.