பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு நாடித்துடிப்பு குறைவாகக் காட்டினால்

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ ரத்த அழுத்தக் கருவியோ துடிப்பை 40 என்று காட்டினால், ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் ஒருவர் இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டைத் தொட்டும் ஒரே நேரத்தில் 60 விநாடி முழுவதும் எண்ணிப் பாருங்கள்.

இதயம் நிரம்புவதற்கு முன்பே முந்திக்கொண்டு வரும் துடிப்பு மிகக் குறைந்த ரத்தத்தையே தள்ளுவதால், அது விரல்வரை எட்டாமல் போகலாம். ஆனால் பேஸ்மேக்கர் அதன் மின்சமிக்ஞையை உணர்ந்து, அதையும் ஒரு துடிப்பாகக் கணக்கில் கொள்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால், இதயம் 80 முறை துடித்தும் அளக்கும் கருவி 40 என்றே காட்டக்கூடும். இதை உறுதிசெய்ய ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் பேஸ்மேக்கரின் குறைந்தபட்ச எண்ணை, அதாவது துடிப்பு எதற்குக் கீழே இறங்காதபடி அது பார்த்துக்கொள்கிறதோ அந்த எண்ணை, பரிசோதனையின்போது கேட்டு அடையாள அட்டையோடு எழுதி வையுங்கள். பலருக்கு அது 60, சிலருக்கு உறக்க நேரத்தில் இன்னும் குறைவாக அமைத்திருப்பார்கள்.

மார்பில் எண்ணியதும் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் அன்றே பேஸ்மேக்கரைப் பரிசோதிக்க வேண்டும். தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் மதுரைக்குப் பேருந்து ஏறாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.